இல்லறக் கணக்கு: இருட்டுக்கு முன்னே

கோடை மழை பெங்களூருக்கு அழகு. ஆனால் முதல் இடி முழங்கியதும் மின்சாரம் விடைபெற்றுக்கொள்வது அழகன்று. சித்திரை, வைகாசி மாலைகளில் இது நமக்கெல்லாம் பழகிப்போன காட்சி. காற்று சுழன்றடிக்கிறது, எங்கோ ஒரு மரக்கிளை கம்பியின்மேல் சாய்கிறது, தெரு முழுதும் இருள்கிறது. குழந்தைகள் பாடப் புத்தகத்தை மூடிவைத்து மகிழ்கின்றனர். பெரியோர் விசிறி தேடுகின்றனர். ஒரு மணி நேரம் பொறுப்பது பெரும்பாலோர்க்கு அரிதன்று. பொறுக்க இயலாதவரும் சில இல்லங்களில் உளர். அத்தகைய ஓர் இல்லத்தைக் கண்ட பின்னரே இத்திங்கள் பேனாவை எடுத்தோம்.

இந்நகருக்கு மின்விளக்கு புதிதன்று. காவிரி சிவசமுத்திரத்தில் வீழுமிடத்தில் எடுத்த மின்சாரம் 1902-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழி சென்று கோலார் தங்கவயலை அடைந்தது. அச்சுரங்கங்களில் இறங்கி உழைத்தோருள் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். அத்திட்டத்தை முன்னின்று தொடங்கிய திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் விளக்கெரிவதைக் காணாமலே 1901-இல் மறைந்தார். 1905 ஆகஸ்டு 5-ஆம் நாள் பெங்களூர்த் தெருவிலும் மின்விளக்கு எரிந்தது. இத்தனை பழமை வாய்ந்த நகரிலும் மின்சாரம் எப்போதும் நம்முடன் இருக்கும் என்று எழுதிக் கொடுப்பார் எவருமில்லை. 2023-ஆம் ஆண்டில் மழை பொய்த்துக் கர்நாடகம் முழுதும் மின் பற்றாக்குறை நேர்ந்ததை நாம் மறக்கவில்லை.

நாம் குடியிருப்பது ஸ்ரீராமபுரத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். ஆறு குடித்தனங்கள். கீழ்க்கட்டில் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் வாழ்கிறது. எழுபதைக் கடந்த பெரியவர்க்கு நுரையீரல் நோய். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் குழாய்வழி ஊட்டும் ஆக்ஸிஜன் இயந்திரம் அவர் கட்டிலருகே இரவு பகலாக ஓடுகிறது. மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். சென்ற ஆண்டு ஒரு மழையிரவில் இரண்டு மணி நேரம் இருள் சூழ்ந்தபோது, மகனும் மருமகளும் பெரியவரை நிமிர்த்தி உட்காரவைத்து, மாறி மாறி விசிறி, மின்சாரம் வரும்வரை வாசலையே நோக்கியிருந்தனர். மாடியிலிருந்து இறங்கிச் சென்ற நாமும் கைகட்டி நிற்பதன்றி வேறொன்றும் செய்ய இயலவில்லை.

அடுத்த ஞாயிறன்று மகன் நம்மிடம் வந்தார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர்.

"அண்ணா, ஒரு ஜெனரேட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். பெட்ரோலில் ஓடுவது. சமையற்கட்டுக்குப் பின்னால் சந்து இருக்கிறதே, அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். முன்பணம் கட்டிவிடட்டுமா? நீங்கள் ரயில்வேயில் இருப்பவர், எஞ்சின் விஷயம் தெரிந்திருக்குமே!"

நாம் நகைத்தோம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்து, பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதும் குமாஸ்தாவுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் கணக்குத் தெரியும். "தம்பி, முன்பணம் இருக்கட்டும். முதலில் ஒரு தாள் கொண்டு வா," என்றோம்.

அத்தாளில் மூன்று கேள்விகளை எழுதினோம். எவ்வளவு மின்சாரம் வேண்டும்? எத்தனை மணி நேரம் வேண்டும்? கருவியை எங்கே வைப்பது? எரிபொருளைப் பற்றிய கேள்வி நான்காவதாகவே வரவேண்டும். முதல் மூன்றுக்கும் விடை கண்டால் நான்காவதற்கு விடை தானே வந்து நிற்கும். நம்மவர் பலர் நான்காவதில் தொடங்குவதாலேயே பணத்தையும் சில வேளை அதனினும் பெரியதையும் இழக்கின்றனர்.

முதற்கேள்வியைப் பார்ப்போம். ஒவ்வொரு கருவியின் முதுகிலும் அதன் வாட் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். பழைய மின்விசிறிக்கு 75 வாட், புதுவகை பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். எல்.இ.டி. விளக்குக்கு 9 வாட். ஆகவே இரண்டு பழைய விசிறியும் நான்கு விளக்கும் சேர்ந்து 200 வாட்டுக்குள் அடங்கும். சாதாரண இல்லத்திற்கு இருட்டில் வேண்டியது இவ்வளவே. பெரியவரின் இயந்திரத்திற்கு 350 வாட். அதனுடன் ஒரு விசிறியும் இரண்டு விளக்கும் சேர்த்தால் ஏறத்தாழ 450 வாட். இஸ்திரிப் பெட்டி 1000 வாட்; வெந்நீர் கெய்சர் 2000-க்கும் மேல். இவற்றை இருட்டில் இயக்க நினைப்பது ஆடம்பரம். அந்த ஆசையே மனிதரைப் பெரிய ஜெனரேட்டர் கடைக்கு இழுத்துச் செல்கிறது. மோட்டார் உள்ள பொருள்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. குளிர்ப்பெட்டியும் தண்ணீர்ப் பம்பும் கிளம்பும் கணத்தில் வழக்கமாக இழுப்பதைப்போல் மும்மடங்கும் அதற்கு மேலும் இழுக்கும். ஒரு குதிரைத்திறன் பம்புக்கு 1 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதுமென்று வாங்கியவர்கள் பின்னர் வருந்துவது இதனாலேயே.

இரண்டாம் கேள்வி, எத்தனை மணி நேரம் என்பது. 1000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். பெரியவர் இல்லத்திற்கு 450 வாட். நான்கு மணி நேரத்திற்கு 1.8 யூனிட் வேண்டும். நம் தெருவில் மழைக்கால இருட்டு பெரும்பாலும் அதற்குள் தீர்ந்துவிடுகிறது. பராமரிப்புப் பணிக்காக நிறுத்துவதாயின் பெஸ்காம் முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்நாளில் காலை முதல் மாலைவரையிலும் நீளக்கூடும்.

இனி எரிபொருள்களை வரிசைப்படுத்துவோம்.

பெட்ரோல்: சிறு ஜெனரேட்டர்க்கு உரியது. கையால் தூக்கிச் செல்லலாம். ஆனால் ஒரு லிட்டரில் கிடைப்பது ஒன்றரை முதல் இரண்டு யூனிட் மட்டுமே. குறைந்த சுமையில் இன்னும் குறையும். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும் இந்நாளில் ஒரு யூனிட்டுக்கு 50 முதல் 70 ரூபாய் ஆகிறது. கம்பிவழி வரும் யூனிட்டின் விலை சுமார் 6 ரூபாய் என்பதை நினைவிற் கொள்க. மேலும் பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றுவது. சமையலறையருகே கேனில் சேர்த்துவைப்பது, தீக்குச்சியை அடுக்களையில் காவலுக்கு வைப்பதற்கு ஒப்பாகும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் கெட்டு, எஞ்சினின் கார்புரேட்டரை அடைத்துவிடும். வேண்டிய இரவில் எஞ்சின் கிளம்பாது.

மண்ணெண்ணெய்: நம் பாட்டிமார் சீமையெண்ணெய் என்பர், கன்னடத்திலும் ஏறக்குறைய அதே பெயர்தான். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சிறு ஜெனரேட்டர்கள் ஒரு காலத்தில் கடைவீதிகளில் புகை கக்கி நின்றன. ரேஷனில் மலிவாகத் தந்தது விளக்குக்கும் அடுப்புக்குமே. எஞ்சினுக்கு ஊற்றுவது முறையன்று. நகரக் குடும்பத்திற்கு அது இன்று பழங்கதை.

டீசல்: பெட்ரோல் அளவு எளிதில் தீப்பற்றாது. நல்ல சுமையில் லிட்டருக்கு மூன்று யூனிட்டுக்குக் குறையாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டையும் பம்பையும் இயக்க அதுவே ஏற்றது. புகையைக் குறைக்கும் கடுமையான புது விதிகள் டீசல் ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை முதல் நடப்புக்கு வந்துள்ளன; பழைய இயந்திரத்தை மலிவென்று வாங்குவோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆயினும் டீசல் எஞ்சினுக்குப் பெருஞ்சுமையே உணவு. இரண்டு விளக்குக்காக அதை ஓட்டினால் எரியாத எண்ணெயும் கரியும் படிந்து எஞ்சின் நலிவுறும். தனிக் குடித்தனத்திற்கு அது பொருந்தாது.

எரிவாயு: தூய்மையாக எரியும், நாள்பட்டாலும் கெடாது. ஆனால் மானியத்தோடு வரும் 14.2 கிலோ சமையல் சிலிண்டரை எஞ்சினுக்கு இணைப்பது சட்டத்திற்குப் புறம்பு, உயிருக்கும் தீங்கு. கசிந்த வாயு காற்றினும் கனமானதாகையால் தரையோடு தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். குழாய்வழி எரிவாயு வரும் பகுதிகளில் அதற்கென அமைந்த ஜெனரேட்டர்கள் உண்டு. அவை பெரிய கட்டடங்களுக்கே கட்டுப்படியாகும்.

இப்போது மூன்றாம் கேள்வி: எங்கே வைப்பது? இதில்தான் நம் நெஞ்சு பதைத்தது. கடைக்காரர் சொன்ன சந்தின் அகலம் மூன்றடி. இருபுறமும் சுவர், அதில் பெரியவர் அறையின் சன்னல். எந்த எரிபொருளானாலும் எஞ்சின் கக்கும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தம் பிராணவாயுவைவிட அதனையே இருநூறு மடங்குக்கு மேல் விரும்பிப் பற்றிக்கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் வரும். உறங்குவோர் உறக்கத்திலேயே போவர். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லாரா என்னும் புயல் வீசிற்று. புயலுக்குத் தப்பிய பலர், அதன்பின் மின்சாரமில்லாத வீடுகளில் ஓட்டிய ஜெனரேட்டரின் நச்சுக்காற்றால் மாண்டனர். செல்வமும் கல்வியும் மிகுந்த நாட்டிலேயே இவ்வாறு நேர்ந்தது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது விலகித் திறந்த வெளியில், புகைவாய் வீட்டை நோக்காமல் நிற்கவேண்டும் என்பது அறிந்தோர் விதி. நம் கட்டடத்தில் 20 அடி விலகினால் எதிர்வீட்டுக் கூடத்தில்தான் நிற்கவேண்டும்!

"தம்பி, அப்பாவுக்கு மூச்சு தர வாங்கும் பொருளே மூச்சை நிறுத்திவிடும்," என்றோம். அவர் முகம் வெளிறியது. முன்பணம் அவர் சட்டைப்பையிலேயே தங்கிற்று.

அப்படியாயின் வழி யாது? நாம் நாள்தோறும் காணும் ரயில் பெட்டியே வழிகாட்டிற்று. பெரம்பூர் ஐ.சி.எப். வகைப் பழைய பெட்டிகளின் அடியில் பாட்டரிகள் வரிசையாக இருக்கும். வண்டி ஓடுகையில் சக்கர அச்சோடு பெல்ட்டால் இணைந்த ஆல்டர்னேட்டர் அவற்றிற்கு மின்சாரம் ஏற்றும். வண்டி நின்றாலும் விளக்கும் விசிறியும் நிற்பதில்லை. பல பெட்டிகளுக்குக் குளிர்வசதியும் சமையல் வசதியும் சேர்த்துத் தரவேண்டிய வண்டிகளுக்கோ கடைசியில் டீசல் ஜெனரேட்டர் பொருத்திய தனிப் பெட்டியே இணைத்தனர். சிறு தேவைக்குப் பாட்டரி. பெருந்தேவைக்கு எஞ்சின், அதுவும் பயணியர் அறைக்குப் புறம்பே. இதனினும் தெளிந்த பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

வீட்டுக்குரிய வடிவம் இன்வெர்ட்டர். மின்சாரம் இருக்கும்போது பாட்டரியில் சேமிக்கும். போனவுடன் திருப்பித் தரும். 12 வோல்ட்டு, 150 ஏ.எச். பாட்டரி ஒன்றில் கணக்குப்படி 1.8 யூனிட் அடங்கும். முழுவதையும் எடுத்தால் பாட்டரி விரைவில் நலியும். இன்வெர்ட்டரும் சிறிது விழுங்கும். ஆகவே கைக்கு வருவது ஏறத்தாழ 1.1 யூனிட் என்று கொள்க. 200 வாட் தேவையுள்ள இல்லத்திற்கு அது ஐந்து மணி நேரம் போதும். விலை, இன்வெர்ட்டரும் பாட்டரியும் சேர்ந்து இருபதாயிரத்தை ஒட்டி வரும். பாட்டரி நான்கைந்து ஆண்டு உழைக்கும். பெரியவர் இல்லத்திற்கு இரண்டு பாட்டரி வைத்தால் 2.2 யூனிட் அளவு கிடைக்கும். அவர்க்கு வேண்டிய 1.8 யூனிட்டுக்கு அது போதுமானது. புகையில்லை, ஓசையில்லை, வாடகை வீட்டைக் காலி செய்யும்போது உடன் எடுத்துச் செல்லவும் இயலும். நம்மைப்போல் ஊர்விட்டு வந்தோர்க்கு இதுவும் ஒரு பொருட்டன்றோ?

வாங்குவோர் சிலவற்றைக் கருதவேண்டும். மோட்டாருக்கும் மருத்துவக் கருவிக்கும் 'சைன் வேவ்' வகை இன்வெர்ட்டரே ஏற்றது. நீர்வகைப் பாட்டரிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவேண்டும். குழாய் நீர் ஆகாது. மின்சாரம் ஏறுகையில் அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருவதால், காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, அருகே விளக்கேற்றாதிருத்தல் நலம். லித்தியம் பாட்டரி எடை குறைந்தது, விரைவில் நிறைவது, நீண்ட நாள் உழைப்பது, விலைதான் மிகுதி. கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட்டுக்குள் கட்டணமின்றிப் பெறும் இல்லத்தார், இன்வெர்ட்டரும் மாதந்தோறும் சில யூனிட் உண்ணும் என்பதைக் கணக்கிற் சேர்த்துக்கொள்க.

சூரிய ஒளியைப் பற்றியும் பலர் வினவுகின்றனர். சொந்த வீடும் மொட்டைமாடியும் உடையோர்க்கு அது நன்று. 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் 3 கிலோவாட் வரையில் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. எனினும் ஒன்று கேளீர்: கம்பியோடு இணைந்து, பாட்டரியின்றி அமையும் சூரியத் தகடுகள், ஊர் மின்சாரம் நின்றவுடன் தாமும் நின்றுவிடும். கம்பியிற் பணிபுரியும் தொழிலாளியைக் காக்கவே அவ்வேற்பாடு. இருட்டுக்கு உதவவேண்டுமாயின் பாட்டரியோடு கூடிய அமைப்பைக் கேட்டு வாங்கவேண்டும்.

அத்தொழிலாளியை ஜெனரேட்டர் வைத்திருப்போர் மறக்கலாகாது. இருமுனையும் பிளக் உள்ள கம்பியால் சுவர் சாக்கெட்டில் ஜெனரேட்டரைச் செருகுவோர் உளர். அம்மின்சாரம் வெளியே ஓடி, தெரு டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகப் பெருகக்கூடும். மழையில் நமக்காகக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் அதற்கு இரையாவார். சேஞ்ச் ஓவர் சுவிட்சை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்தாமல் எவரும் ஜெனரேட்டரை வீட்டுக் கம்பியோடு இணைக்கலாகாது.

ஜெனரேட்டரே வேண்டாம் என்பதா நம் கருத்து? அன்று. பாட்டரி கடன் வாங்கியதைத் திருப்பித் தருவது; ஊற்று வற்றினால் அதுவும் வற்றும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைப் பகுதிகளைச் சாய்த்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரமில்லை. இன்வெர்ட்டர்கள் முதலிரவோடு ஓய்ந்தன. வாடகை ஜெனரேட்டர்களை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகச் சென்று, நீர்த்தொட்டிகளை நிரப்பிக் கொடுத்தே மக்கள் தாகம் தீர்ந்தது. நாள் கணக்கில் நீளும் இருட்டுக்கும், தெருவே பகிர்ந்துகொள்ளும் பெருந்தேவைக்கும் எஞ்சின் வேண்டும். அது திறந்த வெளியில், பொதுவில், பொறுப்பான ஒருவர் கையில் இருக்கட்டும்.

நம் கீழ்வீட்டு இளைஞர் தவணையில் இன்வெர்ட்டரும் இரண்டு பாட்டரியும் வாங்கினார். மருத்துவரைக் கேட்டு, பாட்டரியும் ஓய்ந்தால் கைகொடுக்க ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்துக் கட்டிலருகே நிறுத்தினார். திறந்து மூடும் முறையை மருமகளும் கற்றார், நாமும் கற்றோம். பெஸ்காமின் 1912 என்னும் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டினோம்.

சென்ற திங்கள் மீண்டும் இடித்தது, மீண்டும் இருண்டது. மூன்றரை மணி நேரம். பதற்றத்தோடு கீழே இறங்கிச் சென்றோம். இயந்திரத்தின் மெல்லோசை கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் உறங்கிக்கொண்டிருந்தார். மகன் எழுந்து, "வாங்க அண்ணா," என்று பாயை விரித்தார். ஒற்றை விளக்கொளியில் அமர்ந்து தேநீர் பருகினோம். இருவரும் அதிகம் பேசவில்லை.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் முதியோர், நோயாளர், கைக்குழந்தை எவரேனும் இருப்பின், மழைக்கு முன்னமே ஒரு தாளை எடுத்து அம்மூன்று கேள்விகளையும் எழுதுங்கள். விடையில் ஐயமிருப்பின் சங்கத்து முகவரிக்கு எழுதலாம். நம்மாலியன்ற கணக்கைப் போட்டுத் தருவோம். அடுத்த திங்கள், பழைய பாட்டரியை யாரிடம், எவ்வாறு திருப்பிக் கொடுப்பது என்பதைப் பற்றி எழுத எண்ணியுள்ளோம்.